பத்தாயிரம் தொன்

மகள் வரைபுத்தாள் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். கிளிநொச்சிக் கடைக்காரர் ஒரு தாள் கட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அந்தப் பச்சைச் சதுரங்களைக் கண்டதும் கை பின்வாங்கிவிட்டது. வெறுங்கையோடு வெளியே வந்து, சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றேன். நீ போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது.

அந்த வருடம் நாம் இருவரும் சண்டையால் இடம்பெயர்ந்து, மாங்குளத்துக்கு மேற்கே ஒரே காட்டோரத்தில் கொட்டில் போட்டிருந்தோம். நீ முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவன். நான் நில அளவைக்காரரிடம் படம் வரைந்தவன். இருவருக்கும் வேலையில்லை. யாரோ விட்டுப்போன பழைய புத்தகத்தில் அந்த உடன்படிக்கையைப் படித்தோம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு வல்லரசுகள் தமக்குள் செய்துகொண்டது: குறூசர் என்ற போர்க்கப்பல் பத்தாயிரம் தொன்னைத் தாண்டக்கூடாது, பீரங்கியின் வாய் எட்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்குள், இல்லாத ஒரு நாட்டுக்குக் கப்பல் கட்டத் தொடங்கினோம். நான் படம் கீறுவேன், நீ பாரக் கணக்குப் பார்ப்பாய். ஷெல் சத்தம் கிட்டக் கேட்கும் நாட்களில் இன்னும் மும்முரமாக இருந்தோம்.

ஒருமுறை ஒன்பது பீரங்கி வைத்தேன். நீ கணக்கைப் பார்த்தாய்.

“மூண்டை எடு. அந்தப் பாரத்தில எஞ்சின் அறைக்குக் கவசம் போடு.”

“கற்பனைக் கப்பல்தானே.”

“எண்டாலும் கீழ நிக்கிறவன் தப்ப வேணும்.”

எடுத்தேன். நாம் செய்ததில் அதுதான் நல்ல கப்பல்.

பிறகு உன் அம்மாவின் கண் மங்கியது. வைத்தியத்துக்காக வவுனியா போக உங்கள் இருவருக்கும் பயண அனுமதிப் பாஸ் கிடைத்தது. வன்னிக்குள் வரைபுத்தாள் கிடையாது. கீறி முடித்த தாளொன்றை மடித்து, “இதே அளவில வாங்கி வா” என்று உன் சட்டைப்பையில் வைத்தது நான். தாளின் அளவு மட்டுமே என் நினைப்பில் இருந்தது. அதில் இருந்த கப்பல் இல்லை.

மூன்றாம் நாள் அம்மா வைத்தியரிடம் கண்ணைக் காட்டாமலே தனியாகத் திரும்பி வந்தார்.

“ஆமிச் சாவடியில அவன்ர பையிலயிருந்து ஒரு கடதாசியை எடுத்தவங்கள், தம்பி. ஆர் கீறினது எண்டு கேட்டவங்கள். தான்தான் எண்டு சொன்னவன். ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்.” என் பக்கம் முகத்தைத் திருப்பினார். “அவனுக்குப் படம் கீறத் தெரியாதே. ஆரின்ர கடதாசி அது? உனக்குத் தெரியுமே?”

“தெரியாதம்மா” என்றேன்.

கண் முற்றாகப் போன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் விசாரிக்கும் இடங்களுக்கெல்லாம் வந்தார். ஒவ்வொரு அதிகாரியின் கதிரைக்கு முன்னாலும், “என்ர பிள்ளைக்குக் கீறத் தெரியாது, ஐயா” என்பார். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பேன். அவரும் போய்விட்டார். படம் என்னுடையது என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். படிக்க நீங்கள் இருவரும் இல்லை. அவருடைய பிடி மட்டும் இந்த முன்கையில் இருக்கிறது.