அம்மாவின் இடது கண்

மார்ச் 4

அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. உன் மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், பிரசவத்துக்கு வர முடியாதாம். வீட்டில் நானும் ஃப்ரிட்ஜின் இரைச்சலும்தான்.

நேற்று கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, அங்கே பார் இங்கே பார் என்று உயிரை எடுத்துவிட்டார். என் கண்ணாடிதான் மைனஸ் பதினொன்றாயிற்றே. "விழித்திரை ஓரத்துல மெலிசா இருக்கு, ஆனா கிழியலை. பிரசவத்துல முக்கினா கழண்டுடும்ங்கறது பழைய பயம். இந்தக் கண்ணுக்காக மட்டும் சிசேரியன் வேண்டாம்" என்றார். என்னைப் பெற்றபோது உன் கண் போன கதையைச் சொன்னேன். "அம்மாவுக்குப் பிரசவத்துக்கு முன்னாடியே மின்னல் மாதிரி, கறுப்புப் புள்ளி மாதிரி தெரிஞ்சுதா? கேட்டுட்டு வாங்க" என்றார்.

தெரிந்ததா அம்மா? சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும்.

மருந்தில் பார்வை மங்கி, சாலையைக் கடத்திவிட ஆளில்லாமல், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் மகள்

மார்ச் 11

ராசாத்திக்கு,

வரி கோணினால் பொறுத்துக்கொள், ஒற்றைக் கண் எழுத்து. டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். பட்டவளுக்குத்தான் தெரியும். உன்னைப் பெற்ற மூன்றாம் நாள் இடது பக்கம் திரை விழுந்தது, விழுந்ததுதான். பேசாமல் ஆபரேஷன் செய்துகொள். இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைத் திட்டாதே, அவர் கடலில் என்ன செய்வார் பாவம்.

அம்மா

மார்ச் 16

அம்மாவுக்கு,

கேட்டதற்குப் பதில் இல்லை. மின்னல் தெரிந்ததா, இல்லையா?

மார்க் குறைந்தாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, "உன்னைப் பெத்ததுல போன கண்ணுடி" என்பாய். சின்ன வயதில் நான் உன் இடது பக்கம் உட்காரவே மாட்டேன், கவனித்திருக்கிறாயா? இப்போது எனக்குப் பயம் கண் போய்விடுமே என்று இல்லை. போனால், என் குழந்தையிடம் நானும் அதையே சொல்லிவிடுவேனோ என்றுதான்.

மகள்

மார்ச் 21

என் தங்கத்துக்கு,

தெரிந்தது.

நீ வயிற்றில் ஏழு மாதம். தையல் ஆலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் பளிச் பளிச்சென்று மின்னியது. பிறகு கரித்தூள் பறந்தது. அந்த வேலைக்குப் போகாதே என்று உன் அப்பா தினமும் மல்லுக்கு நின்ற காலம். சொன்னால், "நான்தான் சொன்னேன்ல" என்று வீட்டில் உட்கார்த்திவிடுவார். வீம்புக்கு வாயை மூடிக்கொண்டேன். அன்றே சொல்லியிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமோ என்னவோ.

பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டில்காரி, "முக்கினதுல போயிருக்கும்" என்றாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம் பார். உனக்கோ திருப்பிப் பேச வாயில்லை. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அவர் போன பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

என் கண்ணுக்கு நீ காரணமில்லை. நான் வரட்டுமா? பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு வரி போடு, போதும்.

அம்மா

ஏப்ரல் 19

அம்மாவுக்கு,

பத்தாம் தேதி பெண் குழந்தை. உன் கடிதத்தைக் கண் டாக்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவங்களுக்கு முன்னாடியே கிழிஞ்சிருக்கு, முக்கினதால இல்லை. நீங்க தைரியமா முக்குங்க" என்றார். ஆபரேஷன் இல்லை. பதினோரு மணி நேரம், உன்னைத்தான் கூப்பிட்டுக் கத்தினேன். மறுவாரம் மறுபடி பார்த்தார், இரண்டு கண்ணும் பத்திரம்.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் யாருமில்லை, என் பையை வைத்திருந்தேன். உன்னை வரச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முடியவில்லை அம்மா. முப்பத்திரண்டு வருஷத்தை ஒரு கடிதத்தில் எப்படி மறப்பது? பெட்டியைப் பிரித்து வை. எனக்கு மனசு வரும்போது நானே எழுதுகிறேன்.

குழந்தையிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "உன்னால எனக்கு ஒண்ணும் போகலைடி." அவள் கொட்டாவி விட்டாள்.

வலது கண்ணைப் பார்த்துக்கொள். மின்னல் தெரிந்தால் இந்தத் தடவையாவது யாரிடமாவது சொல்.

மகள்