மச்சான் கொண்டுவந்த கவா வேர்

மச்சான்,

இன்று காலை யாங்கோனில், பபேடான் பகுதியில் உள்ள என் மருந்துக் கடைக்கு ஒரு விற்பனைக்காரர் வந்தார். மேசைமேல் ஒரு டப்பாவை வைத்து, "கவா வேர். பதற்றம் போகும், நல்லா தூக்கம் வரும்" என்றார். ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். ஈரமண்ணும் மிளகும் கலந்த வாடை. அலோனில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அடிக்குமே, அதே வாடை.

"வேர் மட்டும்தானா, தண்டும் இலையும் சேர்த்து அரைச்சதா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கேட்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் நீங்கள். அப்போது உங்கள் பேச்சு எதையுமே நான் நம்பவில்லை.

அப்போது நீங்கள் கப்பல் வேலையை விட்டு வந்து இரண்டு மாதம் இருக்கும். "அண்ணன் ஏதோ பொடியக் கரைச்சுக் குடிக்குது. என்னான்னு பாத்துட்டு வாங்க" என்று உங்கள் தங்கைதான் என்னை அனுப்பினாள். சும்மா பார்க்க வந்ததுபோல வந்தேன். நீங்கள் துணியில் பொடியை முடிந்து, பேசினில் நீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். தண்ணீர் சேற்று நிறமாகியது. உங்கள் கண்ணையும் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன மாப்பிள்ளை, போலீஸ்காரர் மாதிரி பாக்குறீங்க? கஞ்சா இல்ல. மொளகுக் கொடி சாதி. பிஜியில இதுக்கு யங்கோனான்னு பேரு. கேட்டா நம்ம ஊர்ப் பேரு மாதிரியே இல்ல?"

சிரித்தீர்கள். அந்தத் தீவுகளில் விருந்தாளிக்கு முதலில் தருவது இதைத்தான் என்றும், உடம்புவலிக்கும் மூத்திரக் கடுப்புக்கும் தூக்கத்துக்கும் குடிப்பார்கள் என்றும், தண்டும் இலையும் சேராத வேர் மட்டும்தானா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் ஒரு வாய் குடித்தேன். நாக்கு மரத்துப்போனது. நீங்கள் அடுக்களைப் பக்கம் போனபோது ஒரு சிட்டிகைப் பொடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தீர்கள்.

"என்ஜின் ரூம்ல தீப் பிடிச்சுது மாப்பிள்ளை. கதவ மூடச் சொன்னாங்க. மூடுனது நான். உள்ள ஒருத்தன் இருந்தான். கண்ண மூடுனா கதவத் தட்டுற சத்தம் கேக்குது."

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். பொடிதான் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடமும் அப்படியே சொன்னேன்.

காகிதத்தில் மடித்ததை எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் காட்டினேன். வேரைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது ஒன்று, ரசாயனத்தில் சத்து இறக்கி மாத்திரையாக்குவது வேறு என்றார். ஈரலைக் கெடுக்கிறது என்று சில நாடுகள் தடை போட்டதாகவும், அந்தத் தடை சரியா என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். உங்களை எச்சரிக்க எனக்கு ஈரல் என்ற சொல் மட்டும் போதுமானதாக இருந்தது.

பொடி தீர்ந்தது. நீங்கள் போனில் பார்த்து கேப்ஸ்யூல் வரவழைத்தீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் உங்கள் கண் மஞ்சளாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

டாக்டரம்மா, நீங்கள் விழுங்குவதை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். அவர் மேசையில் பையைக் கவிழ்த்தீர்கள். முதலில் கேப்ஸ்யூல் டப்பா ஒன்று விழுந்தது. பின்னாலேயே பாராசிட்டமால் அட்டைகள் விழுந்தன, ஒன்றன்மேல் ஒன்றாக. தோள்வலிக்கு என்று என் கடையிலிருந்து, எத்தனை விழுங்குகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்காமல், நான் எடுத்துக் கொடுத்தவை.

"இந்த மாத்திரையும் அளவு மீறுனா ஈரலக் கெடுக்கும். எதனால வந்துச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து, "டாக்ஸி கெடைக்குதான்னு பாருங்க மாப்பிள்ளை" என்றீர்கள், அவ்வளவுதான். மூன்று வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டீர்கள்.

காரியத்துக்கு உங்களோடு கப்பலில் இருந்த ஒரு பர்மாக்காரர் வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், யாரும் கேட்காமல் அந்தத் தீயைப் பற்றிச் சொன்னார். கதவை மூடியிருக்காவிட்டால் கப்பலில் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள், தானும் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது என்றார். உங்கள் தங்கை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவர் சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பொடிதான் பேசுகிறது என்று அவளிடம் சொன்னவன் நான்.

மச்சான், அந்த கேப்ஸ்யூலை இன்றும் நான் நம்பவில்லை. என் அலமாரியில் இருக்கிற அட்டைகளையும் முன்புபோல நம்புவதில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால், மருந்து எடுக்கக் கை நீட்டுவதற்கு முன்பு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். "எப்ப இருந்து?" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதை, எவ்வளவு நேரமானாலும், உண்மை என்றே எடுத்துக்கொண்டு கேட்கிறேன்.