கரை தொடும்வரை எட்டு

3.7.2006, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். காசிமேட்டு மீன் வாடை வீட்டுக்குள்ளேயே நிற்கிறது.

வாங்க: மண்ணெண்ணெய். பால்வாடிக்கு சாக்பீஸ். வீட்டுக்காரருக்குத் தொளதொள சட்டை, நெஞ்சில் பெட்டி உரசாமல் இருக்க.

மதியம் 3.10க்கு அவருக்குத் தலைவலி. சொல்லிவைத்தாற்போல் தினமும் அதே நேரம். வலது கண் சிவந்து தண்ணீர். சுவருக்கும் வாசலுக்கும் நடை. 3.30க்கு விட்டது. இருபதே நிமிஷம்! போன வருஷம் ஒன்றரை மணி நேரம் ஆட்டும். சுவரில் முட்டிக்கொள்வார். தெருவில் குடிகாரன் என்றார்கள்.

ஆராய்ச்சி என்று ஆஸ்பத்திரியில் ஆள் தேடியபோது இவராகப் போய் நின்றார். நெஞ்சுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவு பெட்டி, அதிலிருந்து பிடரி நரம்புக்குக் கம்பி. குறுகுறுவென்று கரண்டு ஓடுமாம். வைத்து மூன்று மாசம்.

பிடரியில் மழித்த இடத்தில் முடி வந்துவிட்டது. தடவினால் பிரஷ் மாதிரி.
"இன்னாமே, சும்மா தடவிகினு கீற?"
கேட்டாரே தவிர தலையை நகர்த்தவில்லை.

5.7, புதன்
ஆஸ்பத்திரி. இரண்டு பஸ். வரிசையில் இரண்டு மணி நேரம்.

தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று அவரே எழுதும் அட்டை. டாக்டரம்மா வாங்கிப் பார்த்தார். எல்லா நாளும் எட்டு.
"கொஞ்சம்கூட குறையலையா?"
"அப்டியேதான் கீது டாக்டரம்மா."
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை வரை பார்ப்பாராம். பலன் இல்லையென்றால் பெட்டியை எடுத்துவிடலாமாம்.

பஸ்ஸில் சண்டை. ஏன்யா பொய் எழுதினே?
"போட் கரை தொட்றதுக்கு மின்ன எவனாச்சும் மீன்பாடு சொல்வானா? சொன்னா பூடும்."

இருபது வருஷம் விசைப்படகு டிரைவர். ஐஸ் பெட்டி நிறைய வஞ்சிரம் இருந்தாலும் வயர்லெஸ்ஸில் "ஒண்ணியும் இல்ல" என்பவர். கண் பட்டுவிடுமாம். வலி குறைந்ததற்கும் அதே சட்டம்! சிரிப்பதா அழுவதா. இரண்டும் வந்தது.

7.7, வெள்ளி
மழை. பால்வாடியில் ஒழுகல். 3.10 – 3.25.

படகு முதலாளி வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்: "ஆடி பொறக்கசொல்ல படகுக்கு வர்றியா? இல்ல வேற டிரைவர் பாக்கட்டா?" இவர் கை நெஞ்சுப் பெட்டிமேல் போனது.

எடுத்துவிட்டால் மறுபடி அந்தச் சுவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

வலி வந்தது, விட்டது எல்லாம் ஏப்ரலிலிருந்து இந்த நோட்டில் இருக்கிறது. காட்டலாம். ஆனால் இவரைத் திட்டி எழுதியதும் இதில்தான். கொஞ்சி எழுதியதும்.

10.7, திங்கள்
நோட்டைக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி கேட்டிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "உன் இஸ்டம்" என்றார். முகம் கடுகடு.

டாக்டரம்மா பக்கம் பக்கமாக விரலோட்டிப் படித்தார். ஓரிடத்தில் சிரித்தார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். காது சூடாகிவிட்டது.

பிறகு அவரைப் பார்த்து: "நீங்க எட்டுன்னு சொன்னா, பெட்டி வேலை செய்யலைன்னுதான் நான் எழுதணும். உங்களுக்கு அப்புறம் ஒரு பொண்ணு காத்திருக்கா. அவளுக்கு வைக்கவே மாட்டாங்க."
"பொண்ணுக்குமா இந்த வலி?"
"ஆமா. வேலையை விட்டுட்டா."
எட்டு எட்டாக எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "கொறஞ்சிதான் கீது" என்றார் கடைசியில். வெளியே யாருக்கும் கேட்காத குரலில்.

பெட்டி இருக்கிறது. வரும் வழியில் மண்ணெண்ணெய் மறந்துபோச்சு.

11.7, செவ்வாய்
வெயில். பால்வாடிக்குப் பாதி நாள் லீவு போட்டேன்.

3.10. வரவில்லை.
3.20. வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், நசுங்கும் அளவுக்கு.
3.45. இல்லை.
4.00. டீ போட்டேன். சர்க்கரை போட மறந்தேன். சொல்லாமல் குடித்தார்.

"எய்திட்டியா?"
"இன்னா எழுதட்டும்?"
தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை.
"சைபர் போடு."
பேனாவை எடுத்தேன்.
"சின்னதா போடு."

0