தகரக் கூரையின் கீழ் ஒரு பாடம்

அன்பு மகளே,

செவ்வாயன்று நீ பாடம் நடத்தும் அரசுப் பள்ளிக்கு வந்திருந்தேன். நகரத்தில் உனக்கென்று நான் பேசி வைத்திருந்த வேலைக்கு உன்னைக் கையோடு அழைத்துப் போவதே நோக்கம் என்பதை மறுக்கவில்லை.

வகுப்பு ஜன்னலை நெருங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சலில் பாடம் நின்றுவிடும் என்றே கருதினேன். நீயோ வாய் திறக்காமல் கரும்பலகையில் கணக்கை எழுதிக்கொண்டே போனாய். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலைமேல் கை வைத்தார்கள்.

தாமதமாக வந்த மாணவி ஒருத்தி என் காதருகே கத்தினாள்: "புரிஞ்சா தலைல கை வைக்கணும், தாத்தா! ஒருத்தர் வைக்கலைன்னாலும் டீச்சர் விடமாட்டாங்க!"

கடைசி வரிசையில் ஒரு கை எழவில்லை. நீ பலகையை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாய். ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கவில்லை. வக்கீலாக எத்தனையோ நீதிமன்றங்களில் நின்றிருக்கிறேன். அந்த இரைச்சலுக்குள் நான் கண்ட அமைதியை எங்கும் கண்டதில்லை. கடைசிக் கையும் எழுந்த பிறகு, உன்னிடம் பேசாமலே திரும்பிவிட்டேன்.

நகரத்து வேலை வேண்டாமென்று இன்று காலை தெரிவித்துவிட்டேன்.

"என்னங்க, தலைல கைய வச்சுக்கிட்டே எழுதுறீங்க? வலிக்குதா?" என்று உன் அம்மா கேட்கிறாள்.

இல்லை என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா