மர்மப் படகும் முகத்துவாரத்து மணலும்

கிளிஞ்சல்மேடு

அன்பு மகள் அல்லிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். டிவியைப் பார்த்துவிட்டுப் போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை, அதனால் அங்கே கிளம்புகிற உன் தோழி சுஹைனாவிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

திருவேட்டக்குடியில் ஒதுங்கிய மர்மப் படகு என்று சிவப்பு வட்டம் போட்டு, பின்னால் இசையும் போட்டுக் காட்டினார்களே, அது நம் பக்கத்து வீட்டு மணிபாரதியுடையது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பது உனக்குத் தெரியும், அதில் தட்டித்தான் அவன் படகு கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள், படகு முழுகியது என்று அவனும் விட்டுவிட்டான். மணலை வாரச் சொல்லி, ஓட்டுக் கேட்டு வரும் தலைவருக்கு வீட்டுக்கு வீடு கறுப்புக் கொடி காட்டுவது என்று பஞ்சாயத்தார் தீர்மானித்தார்கள், அம்மாகூடப் பழைய குடைத்துணியைக் கிழித்துக் கொடி தைத்துவைத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் செய்தி வந்தது. கடல் வழியே யாரோ இறங்கிவிட்டார்கள் என்று ஊரே நடுங்கியது, மணிபாரதியும் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கிடந்தான். தன் படகுக்கே பயந்த ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தலைவர் வந்தார். நான் இருக்கும்வரை ஒரு அந்நியனும் இந்தக் கரையில் கால் வைக்க முடியாது என்றார், கண்காணிப்புக் கோபுரமும் கேமராவும் தருவதாகச் சொன்னார். கொடி பிடிக்கவேண்டிய கைகள் ஆரத்தி எடுத்தன. மணல் என்ன ஆயிற்று என்று பஞ்சாயத்தாரைக் கேட்டேன், அதெல்லாம் பெறவு பாத்துக்கலாம்ணே, மொதல்ல உசுரு முக்கியம் என்றார்கள். உசுரு அந்த மணலில்தான் போகும் என்றேன், கேட்க ஆளில்லை. பிறகு போலீஸ் காட்டிய போட்டோவில் மணிபாரதி பெண்டாட்டி நிலாதான் அது தங்கள் படகு என்று அடையாளம் கண்டாள், தன் கல்யாணப் புடவையில் கிழித்துப் படகின் முன்பக்கம் வேண்டிக் கட்டிய துண்டு அதில் அப்படியே இருந்தது. டிவிக்காரர்களுக்குச் சொன்னோம், அவர்கள் அதற்குள் ஒரு நடிகர் வீட்டு விவாகரத்துக்குப் போய்விட்டார்கள். படகு மணிபாரதி கைக்குத் திரும்பி வந்த பிறகும் ஊரில் முறைவைத்துக் கரையில் காவல் நிற்கிறார்கள். மணிபாரதியும் நிற்கிறான், ஏனடா என்றால், இது நம்மளது, சித்தப்பா, வேற ஒண்ணு வந்தா என்கிறான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது அல்லி, தம்பி கவியரசன் தினமும் அந்த மணல்மேட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போய்வருகிறான்.

கருவாட்டை ஒருமுறை வெயிலில் காயவைத்து எடு. மாரியம்மன் துணையில் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். இனிமேல் போன் செய்தால், யாராவது கடலில் வந்தார்களா என்று அம்மாவைக் கேட்காதே. தம்பி கரையேறிவிட்டானா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா அரசப்பன்