இரண்டு விரல் குறைந்த ஃபோர்க்

சனிக்கிழமை, இரவு.

திருமுல்லைவாயிலின் விஸ்வகர்மா என்று எனக்கு நானே சூட்டிக்கொண்ட பட்டம் இன்று மாலை பறிபோனது.

நாளைக் காலை அக்கா மகள் தேன்மொழிக்கு ஆவடியில் சைக்கிள் அணித் தேர்வு. அவள் உயரத்துக்கேற்ற பெரிய பிரேம் வாங்கி நானே பூட்டினேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் புது ஃபோர்க்கின் தண்டு, ஹேண்டில் மாட்டும் மேல்பக்கம், நீளமாக இருந்தது. தையல்காரருக்கு அளவுச் சட்டை கொடுப்பதுபோல், அவளுடைய பழைய சைக்கிள் ஃபோர்க்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு அறுத்துவிட்டேன். பழையது சின்ன சைக்கிள் என்பது இந்த மகா மூளைக்கு உறைக்கவில்லை. இப்போது தண்டு இரண்டு விரல் குறைந்து, பிரேமுக்கு மேலே தலையே காட்டவில்லை. ஹேண்டிலை எதில் மாட்டுவது? பாடி முதல் பூந்தமல்லி வரை எல்லாக் கடைக்கும் போன் போட்டாயிற்று; இந்த அளவு ஃபோர்க் எங்கும் இல்லை. அறுத்ததை ஒட்ட ஈரேழு உலகத்திலும் ஆளில்லை.

"இன்னா மாமா, வண்டி ரெடியா? நாளைக்கு என்னைத் தள்ளிக்கினு போவ வெச்சிடாத!" என்றாள் தேன்மொழி.

"ராக்கெட்டுடி! பிடிச்சுக் கட்டித்தான் வைக்கணும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஷூவைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

பழைய சைக்கிளைத் திரும்பப் பூட்டியிருக்கிறேன். அதில் அவள் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். எழுப்பிச் சொல்ல வேண்டும். அறுத்த துண்டோடு அவள் கதவு வரை போய்விட்டு, இதோ, மறுபடியும் இந்த டைரி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.