தோல்முட்டை

மட்டாஞ்சேரி
9.2.2025

அன்புள்ள அங்கம்மாளுக்கு,

பேச்சியக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் மாரிச்செல்வமும் மகள் மகாவும் தேவராவில் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனை நீ எடுப்பதில்லை. மீன்கார யூசுப் இக்காதான் விலாசம் கொடுத்தார்.

நீங்கள் பக்கத்து வீட்டைக் காலி செய்து இத்தனை நாளாகியும் என் கோழிகள் தோல்முட்டைதான் இடுகின்றன. ஓடே இல்லை, கையில் எடுத்தால் தொளதொளக்கிறது. மந்திரித்த தகடு வாங்கிக் கூட்டில் கட்டினேன், பிரயோஜனமில்லை. உன்மேல் பழி போட்டது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. முட்டையை இலையில் ஏந்தித் தெருக்குழாயடியில் நின்று, "செய்வினை வெச்சது அங்கம்மாதான்" என்று நான் கத்தியிருக்கக் கூடாது.

ஆனால் நீ பின்கதவை அடைத்த பிறகுதானே முட்டை கெட்டது? யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பாசத்துடன்,
பேச்சியக்கா


தேவரா
15.2.2025

பேச்சியக்காவுக்கு,

கதவை அடைத்தது இவர் சபரிமலைக்கு மாலை போட்டதால். கோழி உள்ளே வந்து பூஜை இடத்தை அசுத்தம் செய்யக் கூடாதே. விரதத்தில் வீட்டில் சிப்பியை வேகவைத்துக் கக்காயிறச்சி விற்பதையும் நிறுத்தினேன். அதுவரை அந்தச் சிப்பி ஓட்டை இடித்துக் கொல்லையில் போடுவேன், உங்கள் கோழிகள் வந்து கொத்தித் தின்னும். அது நின்றதால்தான் முட்டைக்கு ஓடு இல்லை. ஓடு இடித்துப் போடுங்கள், சரியாகும்.

தப்போ என்று கேட்கிறீர்கள். தப்புதான் அக்கா. வீட்டுச் சொந்தக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னதும் அதனால்தான். மகாவுக்கு வந்த சம்பந்தம், நம் தெருவில் விசாரித்ததும் நின்றுவிட்டது. பையன் பிடிவாதமாக இருப்பதால் அவன் அம்மா மார்ச் முதல் ஞாயிறு மறுபடி விசாரிக்க வருகிறார்கள். கத்திய இடத்திலேயே நின்று உண்மையைச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அங்கம்மாள்


மட்டாஞ்சேரி
3.3.2025

என் அங்கம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வெட்கத்தில் குறுகிப்போனேன். என் கோழிகளுக்குத் தீனி போட்டவளையே தெருவில் நிறுத்தி அசிங்கப்படுத்தியிருக்கிறேன். நீ சொன்னபடி ஓடு இடித்துப் போட்டேன். முட்டை சரியாகிவிட்டது.

நேற்று குழாயடிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து நின்றார்கள். நல்ல முட்டையை உயர்த்திக் காட்டி, "செய்வினையும் இல்லே, ஒரு மண்ணும் இல்லே. கோழிக்குச் சிப்பி ஓடு கிடைக்கலை, அவ்வளவுதான். அங்கம்மா தங்கமானவ. நான்தான் பாவி" என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழாமல் சொல்லியிருக்கலாம்.

எதிர்வீட்டுக் கமலாக்ஷி மாமி அந்த அம்மாளிடம், "பாருங்கோ, அங்கம்மா முன்னாடி கோழிக்குச் செய்வினை வெச்சா. இப்போ இவளுக்கே வெச்சுட்டா. இல்லாட்டா, அன்னிக்கு அப்படிக் கத்தினவ இன்னிக்கு இப்படிப் பேசுவாளா?" என்றாள். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நான் இல்லை இல்லை என்று கத்தக் கத்த, இன்னும் நம்பினார்கள்.

நான் மூட்டிய தீதான் அங்கம்மா. என்னாலேயே அணைக்க முடியவில்லை. மகாவின் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். நில்லுங்கள் நில்லுங்கள் என்று, முடி அவிழ்ந்தது கூடத் தெரியாமல், முனை வரைக்கும் ஆட்டோவின் பின்னாலேயே ஓடினேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வராத,
பேச்சியம்மாள்